கைப்பிடிக்காகத் திருப்பூர் போனேன்

விமான நிலையத்தில் என் பெட்டியைக் கிளறிய அதிகாரி, கைலிக்குள் சுற்றி வைத்திருந்த கார்புரேட்டரை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த வண்டியோடது?”

“வண்டி இல்லை சார். மரம் அறுக்கிற மிஷின். செயின்சா.”

“மிஷின் எங்க?”

“திருப்பூர்ல.”

“திருப்பூர்ல பனியனுக்குத் துணிதானே அறுப்பாங்க?” என்றார் பக்கத்தில் நின்ற இன்னொருவர். இருவரும் சிரித்தார்கள். மூதாதையர் மண் எனக்குக் கொடுத்த வரவேற்பு அதுதான்.

மலேசியாவில் தைப்பிங் என் ஊர். மரம் அறுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பிழைப்புக்குப் புதியவற்றைச் சரிசெய்வேன். ஆசைக்குப் பழையவற்றைச் சேர்ப்பேன். காட்டு முகாம்களிலிருந்து எடைக்கு வந்த செயின்சாக்கள் என் கொட்டகையில் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே ஓடும். ஓடாத ஒன்றைச் சேகரிப்பு என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

அவற்றில் ஒன்று, இரண்டு ஆள் பிடிக்கும் ஜெர்மன் ரம்பம். ஐம்பதுகளில் செய்தது. என்ஜின் பக்கம் ஒருவர் நிற்பார். ஆள் உயரத்துக்கு நீளும் பிளேடின் நுனியில் ஒரு கைப்பிடி உண்டு, அதை இன்னொருவர் பிடிப்பார். என்னிடம் இருந்ததில் அந்த நுனிக் கைப்பிடி மட்டும் இல்லை. அதைத் தேடி நான் மின்னஞ்சல் அனுப்பாத நாடு இல்லை. கடைசியில் பதில் வந்தது, பனியனைத் தவிர வேறெதற்காகவும் நான் கேள்விப்பட்டிராத திருப்பூரிலிருந்து. எழுதியவர் தண்டபாணி என்கிற ஏற்றுமதியாளர். அதே ரம்பம் அவரிடமும் இருந்தது, கைப்பிடியோடு; ஆனால் கார்புரேட்டர் இல்லை. என்னிடம் கார்புரேட்டர் ஒன்று உபரியாக இருந்தது. மாற்றிக்கொள்வோம் என்று பேச்சு.

தண்டபாணியே காரோடு வந்திருந்தார். நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு கைப்பேசி.

“வாங்கண்ணா, பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?” என்றார். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் ஒரு கைப்பேசி அடித்தது. ஊர் வந்து சேரும்வரை அவர் பனியன் வாங்கும் யாரோ ஒரு பையருடன் கழுத்துப் பட்டியின் அகலத்தைப் பற்றி வாதாடிக்கொண்டு வந்தார்.

வழியில் ஒரு பாலத்தைக் கடந்தோம். கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ ஓடியது. “இது என்ன?” என்று டிரைவரைக் கேட்டேன். “ஆறுங்க” என்றார். “எப்பவும் இந்த நிறமா?” என்றேன். “இல்லீங்க, போன வாரம் பச்சைங்க” என்றார். எங்கள் தைப்பிங் ஏரியில் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தால் நகராண்மைக் கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறவன் நான்.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு மெஸ்ஸில் மதிய உணவு. அரிசிம்பருப்புச் சோறு என்று ஒன்று போட்டு, கேட்காமலேயே நெய்யை ஊற்றினார்கள். இந்தப் பயணத்தில் நான் குறை சொல்லாத ஒரே விஷயம் அது. குறை சொல்ல முயன்றேன். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதில் மறந்துவிட்டது.

பிறகு அவருடைய அலுவலகம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, ஒரு சுவர் முழுக்க செயின்சாக்கள். எல்லாவற்றுக்கும் சிவப்பு பெயிண்ட் அடித்து, விளிம்புக்குத் தங்கக் கோடு இழுத்திருந்தார்கள். சங்கிலிகளுக்கு வெள்ளிப் பூச்சு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு ஒவ்வொன்றின் நெற்றியிலும் காய்ந்திருந்தது. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் யானைப் பொம்மைகளுக்கும் இவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

“இதானுங்க நம்ம கலெக்சன். பையருங்க வந்தா பத்து நிமிசம் இங்கதான் நிப்பாங்க” என்றார் தண்டபாணி.

நடுவில் என் ரம்பத்தின் உடன்பிறப்பு தொங்கியது. நான் ஸ்டார்ட்டர் கயிற்றில் கை வைத்தேன்.

“ஐயோ அண்ணா, ஸ்டார்ட் பண்ணீங்கன்னா பெயிண்ட் கருத்துருமுங்க.”

இழுத்துப் பார்த்தேன். பெயிண்டுக்கு ஆபத்து வரவில்லை. கயிறு ஊஞ்சல் கயிறு மாதிரி லேசாக வந்தது. உள்ளே எதையும் அழுத்தவில்லை, எதுவும் சுற்றவில்லை.

“பிஸ்டன் எங்கே?” என்றேன்.

“உள்ளாற இருந்ததெல்லாம் எடை சாஸ்திங்கண்ணா. செவுத்துல ஆணி தாங்க மாட்டேன்னுது. கழட்டிப் போட்டமுங்க.”

சுவர் தாங்கவில்லை என்பதற்காக என்ஜினின் குடலை உருவிப் போட்ட ஆளை நான் அதுவரை சந்தித்ததில்லை. அதற்குள் அவருடைய பெயிண்டர் என் கார்புரேட்டரை வாங்கி, பிஸ்டன் இல்லாத அந்த உடம்பில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். செத்தவனுக்குப் பல் கட்டுவதைப் போல.

கைப்பிடியையாவது வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று நுனிக்குப் போனேன். தொட்டதுமே தெரிந்தது. கேட் செய்கிற குழாயை வளைத்து, பற்றவைத்து, வெள்ளிப் பூச்சுப் பூசியிருந்தார்கள்.

“இது ஒரிஜினல் இல்லை” என்றேன்.

“பாக்கறதுக்கு ஒண்ணாத்தானுங்களே இருக்குது?” என்றார் தண்டபாணி. கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். ஒரிஜினல் எங்கே என்று கேட்டேன். காங்கேயம் சாலையில் விறகு டிப்போ நடத்தும் ஓர் அம்மாவிடம் இந்த மாதிரி இரண்டு இருந்ததாம். வால்பாறை எஸ்டேட் ஏலத்தில் வந்தவை. செத்துப்போனதை மட்டும் விற்றுவிட்டு, ஓடுகிறதை வைத்துக்கொண்டாராம். இரண்டுக்கும் சேர்த்து இருந்த ஒரே கைப்பிடியும் ஓடுகிறதோடு போய்விட்டது.

“நீங்க போயிப் பேசிப் பாருங்கண்ணா. நான் கேட்டதுக்கு அந்தம்மா மூஞ்சியவே திருப்பிக்கிட்டாங்க.”

மறுநாள் அவருக்குக் கன்டெய்னர் ஏற்ற வேண்டியிருந்ததால் கார் இல்லை. நான் பஸ்ஸில் போனேன். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த ஊரை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. புழுதி, பனியன் நூல், பிளாஸ்டிக் பை எல்லாம் மனித முகங்களைத் தேடிப் பறந்தன. பஸ்ஸுக்குள் பாட்டு என் காதுக்கு மேலேயே அலறியது. தைப்பிங் பஸ்ஸில் டிரைவர் விசில் அடித்தால்கூடப் புகார் கொடுப்போம்.

முன் இருக்கையில் இரண்டு வடநாட்டு இளைஞர்கள். இந்திப் படம் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் அவர்கள் பேசியது புரிந்தது.

“அம்மா போனில் கேட்டாள், அங்கே ஊர் எப்படி இருக்கிறது என்று.”

“என்ன சொன்னாய்?”

“நான் இன்னும் பார்க்கவில்லை, கம்பெனிக்குள்தான் இருக்கிறேன் என்றேன்.”

பார்க்காதே தம்பி, ஒன்றும் நஷ்டமில்லை என்று சொல்ல நினைத்தேன். இந்தி கேட்கத்தான் வரும், பேச வராது.

ஊத்துக்குளிப் பிரிவைத் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. சாலையில் வேப்பமரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. கண்டக்டர், “எறங்கி நடங்க, மரத்துக்கு அந்தப் பக்கம் வேற பஸ்ஸு நிக்குது” என்றார். எல்லோரும் பழகினவர்களைப் போல இறங்கி, கிளைகளுக்குள் புகுந்து, அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறி, அதே மாதிரி இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். அதிலும் அதே பாட்டுதான்.

காங்கேயம் நெருங்க நெருங்கக் காற்றில் தேங்காய் எண்ணெய் வாசம் ஏறியது. களங்களில் கொப்பரை காய்ந்தது. டிப்போவைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. சாயப் பட்டறைகளின் பாய்லருக்குப் போகும் விறகு மலைபோலக் குவிந்திருந்தது. அதன் நடுவில் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், வேலிக்கருவை மரத்துண்டு ஒன்றின் மேல் காலை வைத்துக்கொண்டு சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயமேரி. பேச்சைக் கேட்டதுமே சாத்தான்குளம் பக்கம் என்று தெரிந்தது. மலேசியாவில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பாதிப் பேர் அந்தப் பேச்சுதான்.

அவர் அரம் போட்டுக்கொண்டிருந்த ரம்பத்தைப் பார்த்தேன். பெயிண்ட் இல்லை. தார் இருந்தது. பெட்ரோல் தொட்டிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பழைய மொபெட் ஒன்றின் கார்புரேட்டர், தகரத் துண்டு வைத்துப் பொருத்தியிருந்தது. நேற்றுப் பார்த்தது பொம்மை என்றால் இது பிச்சைக்காரன். குனிந்து என்ஜின் கட்டையில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, ஒரிஜினல். என்னுடையதைவிட முந்தையது. பிளேடின் நுனியில், கைபட்டுக் கைபட்டு வழுவழுப்பாகிப்போன அந்தக் கைப்பிடி.

“மொபெட் கார்புரேட்டரை யார் மாட்டினது?” என்றேன்.

“நாந்தான். ஏன், ஓடலேன்னு ஒங்ககிட்ட வந்து சொல்லிச்சா?”

வந்த காரியத்தைச் சொன்னேன். கைப்பிடி மட்டும் போதும், என்ன கேட்டாலும் தருகிறேன் என்றேன். அவர் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

“மலேசியாவுல இத வச்சு எந்த மரத்த அறுக்கப் போறீய அண்ணாச்சி?”

“அறுக்க இல்லை. என் மிஷினில் இது ஒன்றுதான் குறை. முழுசாக்கி வைக்க.”

“முழுசாக்கி?”

“வைக்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையைச் சுங்க அதிகாரியிடம் ஏற்கெனவே பார்த்திருந்தேன். “கைப்பிடிய ஒங்ககிட்டக் குடுத்துட்டா, அந்தப் பக்கம் நிக்கவன் எதப் பிடிப்பான்?” என்றார். பிறகு அவரே, “நிக்கதுக்குத்தான் ஆளும் இல்ல. இருந்த பயலும் பனியன் கம்பெனிக்கு ஓடிட்டான். நிழல்ல ஒக்காந்து தைக்கலாம்லா? எங்க வீட்டுக்காரவுக இருந்தவரைக்கும் அவுகதான் அந்தப் பக்கம். இன்னும் கொஞ்ச நாள் பாப்பேன். இல்லன்னா இதயும் தூக்கிப் போட்டுட்டு, நானும் போயி பனியனுக்குப் பிசிறு வெட்ட வேண்டியதுதான்” என்றார்.

நான் மறுபடி கேட்டிருப்பேன். அதற்குள் ஒரு பெரியவர் மொபெட்டில் வந்து, அதை நிறுத்தாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். பக்கத்துத் தோட்டக்காரர், பெயர் பழனிச்சாமி.

“அம்மிணி, புளியமரம் சாஞ்சு மாட்டுச் சாளை மேல உளுந்துருச்சு. செவலை உள்ளாற மாட்டிக்கிச்சு. சினை மாடும்மா. உசுரு இருக்குது, கத்துது.”

ஜெயமேரி ஒரு கேள்விதான் கேட்டார். “மரம் எம்புட்டுத் தடி?”

பெரியவர் இரண்டு கைகளையும் அகல விரித்தார். கைகள் போதவில்லை.

ரம்பத்தை டிப்போ டெம்போவில் ஏற்றினோம். ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்ததால், யாரும் கேட்காமலேயே நானும் ஏறிக்கொண்டவன் ஆனேன்.

தோட்டத்தில் கூட்டம் நின்றது. பழைய புளியமரம் வேரோடு பெயர்ந்து, ஓட்டுக் கொட்டகையை நசுக்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு பேர் புதிய செயின்சாக்களோடு வந்து கிளைகளைக் கழித்திருந்தார்கள். அடிமரத்தில் அவர்களுடைய பிளேடு தோற்றுப்போனது. இரண்டு பக்கமிருந்து அறுத்தும் நடுமரம் எட்டவில்லை. மண் தள்ளும் இயந்திரத்தை வைத்து இழுக்கலாம் என்றார் ஒருவர். “இழுத்தா மிச்சக் கூரையும் மாட்டு மேல வந்துருமுங்க” என்றார் பழனிச்சாமி. வேர்ப்பக்கத்துக் கனம்தான் மரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. நடுவில் அறுத்துவிட்டால் அந்தப் பாதி தோட்டத்துக்குள் உருண்டுவிடும், மீதியை ஆட்களே நெம்பித் தூக்கிவிடலாம்.

ஜெயமேரி என்ஜின் பக்கம் நின்றார். நுனிப் பக்கம், மரத்துக்கும் இடிந்த சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் நிற்க இடம் இருந்தது. செயின்சாக்காரர்கள் இருவரும் அந்தச் சந்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, பிடிக்கணும்னுதான வந்தீய? வந்து பிடிங்க” என்றார் ஜெயமேரி.

வருடக்கணக்காக இந்த வகை ரம்பத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். மின்னஞ்சலில் வெள்ளைக்காரர்களைத் திருத்தியிருக்கிறேன். மரத்துக்குள் இறங்கும்போது அதன் நுனியை ஒருநாளும் பிடித்ததில்லை. சந்துக்குள் இறங்கினேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில், விட்டத்துக்கும் தீவனத் தொட்டிக்கும் நடுவில் மாட்டின் தலை இருந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை தெரிய என்னைப் பார்த்தது. அதன் மூச்சு என் காலில் சுட்டது.

ஜெயமேரி கயிற்றை இழுத்தார். மொபெட் கார்புரேட்டரோடு அந்தப் பிச்சைக்காரன் முதல் இழுப்பிலேயே எழுந்து நின்றான். என் கொட்டகையில் அத்தனை ஒரிஜினல் பாகங்களோடு நிற்கிறதை எழுப்ப எனக்கு அரை மணி நேரம் ஆகும்.

“அமுக்காதீய! தாங்குங்க, அது போதும்!” என்று கத்தினார்.

நான் அமுக்கினேன். சங்கிலி கடித்து, கைப்பிடி என்னைச் சுவரில் அறைந்தது.

“கை மரத்தோட போகட்டும்! ஒங்க இஷ்டத்துக்கு இழுக்காதீய!”

கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அந்தப் பக்கம் நிற்பவரின் தோள் எப்போது சாய்கிறது என்பது கைப்பிடி வழியாகவே வந்துவிடுகிறது. மரத்தூள் முகத்தில் அடித்தது. வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வப் பார்த்தது. பழனிச்சாமி மேலே ஏறி ஆப்பு அடித்தார். அடிக்கும்போதெல்லாம் மாட்டிடம், “இருஞ்சாமி, இருஞ்சாமி” என்றார். என் உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடி வழுக்கியது. சட்டை நுனியால் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் என்னென்னவோ உளறினேன் போலிருக்கிறது. என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மரம் முறியும் ஒலி முதலில் என் கால் வழியாகத்தான் வந்தது. “விட்டுட்டு ஒதுங்குங்க!” என்றார் ஜெயமேரி. சுவரோடு ஒட்டினேன். வேர்ப்பாதி பெருமூச்சு விட்டதைப் போலத் தோட்டத்துக்குள் உருண்டது. கூட்டம் கடப்பாரையோடு பாய்ந்தது. விட்டம் ஏறியதும் செவலை முன்னங்காலை ஊன்றியது, சறுக்கியது, மறுபடி ஊன்றி எழுந்தது. வெளியே வந்து, அழுதுகொண்டு நின்ற பழனிச்சாமியைத் தாண்டிப் போய், விழுந்து கிடந்த மரத்தின் கொழுந்தை மேயத் தொடங்கியது. நன்றி என்பதே தெரியாத மிருகம். எனக்கு அதை மிகவும் பிடித்துப்போனது.

யாரோ சொம்பில் மோர் கொடுத்தார்கள். அதை என்னால் பிடிக்க முடியவில்லை. ஜெயமேரி வாங்கி என் வாயில் ஊற்றினார். “மொதல்ல அமுக்குனீயளே, அப்பம் கொன்னுபோடலாம்னு இருந்துச்சு. பொறவு தேவல” என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதை எங்கே மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளைக் கார் வரப்பில் வந்து நின்றது.

தண்டபாணி. கூடவே கேமராவோடு ஓர் ஆள்; கம்பெனியில் பனியன்களைப் படம் எடுப்பவராம். செய்தி எப்படியோ போயிருக்கிறது. கன்டெய்னர் கிளம்பிவிட்டது, அண்ணனை அழைத்துப் போகலாம் என்று வந்தேன் என்றார். ஆனால் அவர் கண் என் மேல் இல்லை. ரம்பத்தின் மேல் இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

“இது மாட்ட எடுத்த மிஷினுன்னு எழுதி, ரிசப்சன்லயே மாட்டிரலாமுங்க. தாரெல்லாம் சொரண்டிட்டு, தங்கக் கலர் அடிச்சா சும்மா ஜொலிக்குமுங்க” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஜெயமேரியிடம், “ஏனுங்க, இந்தத் தடவ நீங்க சொல்றதுதானுங்க வெலை. நான் ஒண்ணும் பேச மாட்டேனுங்க” என்றார்.

ஜெயமேரி உடனே மறுக்கவில்லை. என்ஜின் மேல் கையை வைத்தபடி யோசித்தார். அவர் யோசித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தண்டபாணி என் பக்கம் திரும்பினார். “அண்ணா, நீங்க சொன்னாச் சரிங்க. இது ஒரிஜினல்தானுங்களே?”

சுவரில் ஆணி தாங்காது. பிஸ்டனைக் கழற்றுவார்கள். எனக்கு அந்த ஒன்றுதான் கண்ணில் நின்றது.

“இல்லை” என்றேன். “டூப்ளிகேட். கட்டையே வேறு. நம்பர் பிற்பாடு யாரோ பொறித்தது. உங்கள் ஆபீசில் இருக்கிறதே, அதுதான் அசல்.”

தண்டபாணியின் முகம் மலர்ந்தது. “அப்ப நம்மளுதுதானுங்களா ஒரிஜினல்!” என்று என் தோளைத் தட்டினார். கேமராக்காரரை மாட்டின் பக்கம் அனுப்பினார். ரம்பத்தை அதற்குப் பிறகு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெயமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைச் சிமிட்டினேன். புருவத்தை உயர்த்தினேன். தண்டபாணி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார், வேறென்ன செய்வது?

“டூப்ளிகேட்டா?” என்றார் ஜெயமேரி. அதுவரை அண்ணாச்சி என்றவர், “சார், எங்க வீட்டுக்காரவுக வால்பாறையிலேருந்து தோள்ல சொமந்து எறக்குன மிஷின் இது. இப்பதான இத நம்பி உள்ள எறங்குனீய?” என்றார்.

“உங்களுக்கு அப்புறம் சொல்றேன்” என்றேன்.

“எப்பம் சொல்லுவீய? மலேசியாவுலேருந்தா?”

தண்டபாணி கார்க் கதவைத் திறந்துவிட்டார். விமானம் காலையில். என் பெட்டி அவருடைய அலுவலகத்தில் இருந்தது. ஜெயமேரி விற்க நினைத்தாரா, மறுக்க நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் இடம் கொடுக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன். தண்டபாணி இந்தப் பக்கம் ஏறுவதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“ஜெயமேரி, அது…”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே ரம்பம் சீறி எழுந்தது. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, கார் வரப்பைத் தாண்டும்வரை விடவே இல்லை.